வால்டியூப் இருக்கா அண்ணாச்சி?

வாத்தியார்கள் செல்போனும் கையுமாகத் திரிவதைப் பார்த்து, பாடத்துக்கு ஏதோ தேடுகிறார்கள் என்று ஊரில் ஒரு நல்லெண்ணம் நிலவுகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. தேடத்தான் செய்கிறோம். ஆனால் தேடலில் இரண்டு வகை உண்டு. பிள்ளைக்காகத் தேடுவது ஒன்று, ஃபைலுக்காகத் தேடுவது இன்னொன்று. பிள்ளை ஒருநாளும் அவசரப்படுத்தாது. ஃபைல் "இன்று மாலை 4 மணிக்குள்" என்று சொல்லும். எது முதலில் நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது மேலநீலிதநல்லூர் ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஆறு முதல் எட்டு வரை அறிவியல் என்னுடையது. ஆள் வராத நாளில் கணக்கு, சமூக அறிவியல், விளையாட்டு, சத்துணவு முட்டைக் கணக்கு எல்லாம் என்னுடையது. வெளியூரில் போய் மேலநீலிதநல்லூர் என்றால் "என்ன நல்லூர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தேவர் கல்லூரி இருக்கிற ஊர் என்றால் சிலருக்குப் புரியும். ஆடித்தபசு நடக்கிற சங்கரன்கோவிலுக்குப் பக்கம் என்றால் பலருக்குப் புரியும். பிரியாணிக்குப் பேர்போன சங்கரன்கோவில் என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பதில்லை.

எங்களுக்கு முந்திய தலைமுறைக்குத் தேடுகிற வேலையே கிடையாது. தமிழ் என்றால் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் போட்ட கோனார் உரை. மற்ற பாடங்களுக்கு அவரவருக்குப் பிடித்த நோட்ஸ். கோனாரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கும். அதைவிடப் பெரிய வசதி ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? இன்றைக்கு ஒரு கேள்வியைத் தட்டினால் கோடிக்கணக்கில் பதில் இருப்பதாகச் சொல்கிறது. கோடியில் எது எட்டாம் வகுப்பு, எது தமிழ்வழி, எது இந்த வருஷப் புத்தகம் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அதனால்தான் எங்கள் தேடலுக்கென்று தனி மந்திரம் உண்டு. வகுப்பு, பாடம், அலகு, சமச்சீர், 'டி.எம்.', 'நியூ', 'பிடிஎஃப்' என்று வரிசையாகப் போட வேண்டும். டி.எம். என்றால் தமிழ் மீடியம். அதை விட்டால் ஆங்கிலவழி வந்து நிற்கும். சமச்சீரை விட்டால் டெல்லிப் பாடத்திட்டம் வரும். 'நியூ'வை விட்டால் 2018-க்கு முந்தின பழைய புத்தகத்தின் பாடம் புத்தம்புதிதாக வந்து இறங்கும். அதை நம்பிப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் கையில் இருக்கிற புத்தகத்தில் அந்தப் பாடமே இருக்காது.

இந்த மந்திரத்தைச் சொல்லாமல், நல்ல தமிழில் தேடினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் அழுத்தமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி அந்த இரண்டு சொல்லை மட்டும் போட்டுத் தேடினேன். விசையைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர்களின் கூலிப் பேச்சுவார்த்தை வந்தது. பின்னாலேயே ராமேஸ்வரம் விசைப்படகுகள் வந்தன. அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு ரத்த அழுத்தம் வந்தது, மன அழுத்தம் வந்தது, இரண்டையும் குறைக்க முருங்கைக்கீரை சூப் வந்தது. அந்த நேரத்துக்கு எனக்குப் பொருத்தமான பதில் சூப்புதான்.

எழுத்துருக் கதை இதைவிடப் பெரியது. 1999-ல் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடத்தி விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசாங்கம் யூனிகோடுக்கு ஆணையே போட்டது. அந்த ஆணை இன்னும் போய்ச் சேராத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது வினாத்தாள் அடிக்கிற டி.டி.பி. சென்டர்தான். ஆசைப்பட்டு இறக்கிய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். பாமினியில் அடித்திருப்பார்கள், நம் கணினியில் பாமினி இருக்காது.

இதற்கு எங்கள் பள்ளியில் ஒரு மருந்து உண்டு. எங்கள் தமிழ் டீச்சர் சங்கரன்கோவிலில் அந்தக் காலத்திலேயே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர். முதல் பாடம் 'யளனகப' என்று விரல் தேயத் தட்டினவர். பாமினிக்காரர்கள் பெரும்பாலும் அந்த டைப்ரைட்டர் கட்டையின் வழியில்தான் எழுத்தை வைத்திருக்கிறார்கள். ஆகவே, திரையில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று எங்களுக்குத் தெரிவது டீச்சருக்குத் 'தமிழ்' என்று தெரியும். ஜே த, கே ம, பி மேல்விலங்கு, ஓ ழ, செமிகோலன் புள்ளி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன, மூணு மார்க்கு. எழுதிக்கோங்க சார்" என்று கடகடவென வாசித்துக்கொண்டு போவார். ஹெச்.எம். ஒரு தடவை அசந்துபோய், "டீச்சர், நீங்க ரிட்டயர்டு ஆனா நாங்க என்ன செய்ய?" என்றார். "சார், பாமினி எழுத்துருவ ஒரு தடவ எறக்கி வச்சாப் போதும். நீங்களா கேட்டாச் சொல்லலாம்னுதான் பேசாம இருந்தேன்" என்றார் டீச்சர்.

தேடிக் கிடைக்காததைக் கேட்டு வாங்குகிற இடம், குழு. ஒன்றியக் குழு, பாடக் குழு, மாவட்டக் குழு, சங்கக் குழு, சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள் குழு என்று ஒவ்வொருவர் போனிலும் அது பாட்டுக்குக் கிடக்கும். நடைமுறையில் ஆசிரியர் சமுதாயம் தேடுவதே இல்லை, கேட்கிறது. "எட்டாம் வகுப்பு அறிவியல் இரண்டாம் அலகு பாடக்குறிப்பு யாரிடமாவது இருந்தால் அனுப்பவும்" என்று ஒருவர் எழுதுவார். உடனே கோப்பு வராது. முதலில் "எனக்கும்" வரும். அப்புறம் "எனக்கும் சார்". அப்புறம் ஒரு கும்பிடு. நடுவில் காலை வணக்கம் சொல்லி ஒரு ரோஜாப்பூ. எனக்கும் எனக்கும் என்று திரை நிறைந்து, கேட்டவரே தான் கேட்டதை மறந்தபிறகு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் யாரோ ஒரு புண்ணியவான் கோப்பைப் போடுவார். கோப்பின் பெயர் 'நியூ ஃபைனல் கரெக்டட் (2)' என்று இருக்கும்.

அதைத் திறந்தால் ஒரு கடலோர மாவட்டத்துப் பள்ளியின் பெயர் தலைப்பில் இருக்கும். தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்பது பொது நம்பிக்கை. உள்ளே, கற்றல் செயல்பாடு என்ற இடத்தில், "மாணவர்களை அருகிலுள்ள கடற்கரைக்கு அழைத்துச் சென்று அலைகளை உற்றுநோக்கச் செய்தல்" என்று ஒரு வரி. எங்கள் ஒன்றியத்தில் தண்ணீர் என்று சொல்லத் தக்கது மழை பெய்தால் நிறைகிற குளம்தான். ஆனாலும் அந்த வாரம் கரிசல்காட்டுப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் அலைகளை உற்றுநோக்கினார்கள், பாடக்குறிப்பு நோட்டில். அதன் கீழே 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்தும் விழுந்தது. கையெழுத்துப் போட்டவருக்கும் அந்தக் கடற்கரை தெரிந்திருக்கவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி, நாங்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வந்தோம். கோப்புகள் பிரியவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கம் சுற்றுகிற படிவங்களில் பாதி நெல்லை மாவட்டத்தில்தான் குடியிருக்கின்றன.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோப்பை முதலில் அடித்தவர் யார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கோ ஒரு டீச்சர் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, சொந்த மடிக்கணினியில், சொந்த நெட்டில் உட்கார்ந்து அடித்திருப்பார். பத்துப் பைசா கிடையாது. பதவி உயர்வுக்கும் உதவாது. அவருக்கு வேண்டியதெல்லாம் தன் பேர் அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கொட்டை எழுத்தில் பேரையும் ஊரையும் போட்டுவிடுவார். வாட்டர்மார்க் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அது எப்போதும் படத்தின் நெஞ்சுக்கு மேலேயே வந்து விழும். ஒரு தடவை இதயத்தின் உள்ளமைப்புப் படத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, வரைந்து வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பிள்ளை அழகாக வரைந்து வந்திருந்தாள். வலது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், எல்லாம் சரியான இடத்தில். குறுக்கே சாய்வாக, ஸ்கேல் வைத்து, வெளிறின பென்சிலில் அந்த முகம் தெரியாத சாரின் பேரும் ஊரும். "இது என்னம்மா?" என்றேன். "படத்துல இருந்துச்சு சார்" என்றாள். முழு மார்க் போட்டேன். அந்த சாருக்கும் சேர்த்து.

2018-ல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு முதல் வருஷம், மற்றவற்றுக்கு அடுத்த வருஷம். பாடத்துக்குப் பாடம் ஒரு கியூஆர் கட்டம். அதற்கு முந்தின வருஷம், 2017 ஆசிரியர் தினத்தன்றுதான் திக்ஷா தளத்தை டெல்லியில் தொடங்கியிருந்தார்கள். கட்டத்தைப் போனில் காட்டினால் வீடியோ வரும், கணக்கு வரும், வினாடி வினா வரும். நல்ல ஏற்பாடு, தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சிக்னலைத் தேட வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் இருக்கிற இடம் மேல்நிலைத் தொட்டியின் அடி. வகுப்பறையில் வட்டம் சுற்றும், தொட்டியடியில் ஓடும். ஆகவே பாடவேளை தொடங்குமுன் தொட்டியடியில் ஆசிரியர் கூட்டம் ஒன்று நடக்கும். ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து, "தள்ளுங்க சார், தண்ணி பிடிக்கணும்" என்பார்கள். அவர்கள் தண்ணீர் இறக்குவார்கள், நாங்கள் வீடியோ இறக்குவோம்.

இறக்க முடியாததை நேரடியாக ஓட்டினால் விளம்பரம் வரும். செரிமான மண்டலம் தொடங்குமுன் ஒரு நகைக்கடை, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு வீட்டுமனை. விளம்பரம் வந்த உடனே வகுப்பு முழுக்க ஒரே குரலில் "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு… சார், ஸ்கிப்பு!" என்று கத்தும். மெல்லக் கற்போர் என்று நான் பட்டியல் எழுதிக் கொடுத்த பிள்ளைகள்தான் அதில் முன்னணி. ஒருநாள் வகுப்பைப் பார்வையிட வந்த ஒரு அதிகாரி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இறங்குவரிசை நல்லா வருதே" என்று பாராட்டிப் போனார்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. தேடவே வேண்டாம், கேள்வி கேட்டால் அதுவே எழுதிக் கொடுக்கும். இளையவர்கள் எல்லாம் அதில்தான் பாடக்குறிப்பு வாங்குகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். "மேலநீலிதநல்லூர் வட்டாரத்துக்கு ஏற்றபடி, நீர் வளம் பற்றி ஒரு செயல்பாடு சொல்" என்றேன். மிகுந்த மரியாதையோடு, தாமிரபரணிக் கரையில் பச்சைப்பசேல் என்று அமைந்த எங்கள் ஊரின் படித்துறைக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகச் சொன்னது. நடக்க ஆரம்பித்தால் அரையாண்டுப் பரீட்சைக்குத் திரும்பி வரலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஒன்றியத்துக்குக் கடற்கரை கொண்டுவந்தோம், அது ஆறு கொண்டுவந்தது. எங்களோடு சேர்ந்து வேலை பார்க்க அதற்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

சமூக அறிவியல் டீச்சர் லீவு போட்ட ஒரு ஜூலை மாதம், எட்டாம் வகுப்பில் 'வானிலையும் காலநிலையும்' பாடம் என் தலையில் விழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு வீடியோ தேடி எடுத்தேன். மேகாலயத்தில் மௌசின்ராம், ஆண்டுக்கு 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கொட்டுகிறது, கொட்டுகிறது, அப்படிக் கொட்டுகிறது. வெளியே எங்கள் மைதானத்தில் மேகாத்து மண்ணை வாரி ஜன்னல் வழியாக உள்ளே வீசிக்கொண்டிருந்தது. வீடியோ முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், இதே பருவக்காத்துதான இப்பம் நமக்கும் அடிக்கி?" என்றான். "ஆமா." "மேகமும் நம்ம தலைக்கு மேலதான போகுது?" "ஆமா." "அப்பம் ஏன் சார் நம்மூர்ல எறங்க மாட்டக்கி?"

இந்தக் கேள்விக்கு அன்று ராத்திரி தேடினேன். மழை மறைவுப் பகுதி என்று போட்டால் புனே வருகிறது, தக்காணம் வருகிறது, எங்கேயோ தென் அமெரிக்காவில் ஒரு மலை வருகிறது. சங்கரன்கோவில் வரவில்லை. ஆனால் விஷயம் அதேதான். கேரளத்துப் பக்கமிருந்து ஈரத்தோடு ஏறுகிற காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் முட்டி மேலே போய்க் குளிர்ந்து, இருக்கிற தண்ணீரை அந்தப் பக்கமும் மலை மேலும் கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதி குற்றாலத்தில் அருவியாகவும், தென்காசி வட்டாரத்தில் சாரலாகவும் தீர்ந்துபோகிறது. மலையிறங்கி நம்மிடம் வரும்போது காற்று சூடேறி, காய்ந்து, வெறுங்கையோடு வருகிறது. வெறுங்கையோடு வந்தாலும் வேகத்தோடு வருகிறது. காரணம், செங்கோட்டைக் கணவாய். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குக் காற்று வழங்குகிற பேர்பெற்ற கணவாய்களில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில், எதிர்த்திசையிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் வர வேண்டும்.

மறுநாள் வீடியோ எதுவும் காட்டவில்லை. வெளியே கூட்டிவந்து, காற்றாலை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். "மேக்க பாத்து." "கார்த்திகையில?" யோசித்தார்கள். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி, "அப்பம் சுத்தாம சும்மா நிக்கும் சார், சுத்துனா கெழக்க திரும்பிக்கிடும்" என்றாள். கேள்வி கேட்ட பையனுக்கு மட்டும் திருப்தியில்லை. "மலைய கொஞ்சம் தள்ளி வச்சிருந்தா நல்லாருந்திருக்கும் சார்" என்றான். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டு அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

தேடி அலைந்ததில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் வேறு எதையோ தேடும்போது கிடைத்தது. அரவிந்த் குப்தா என்று ஒருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். 1970-களில் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் என்று கிராமத்துப் பள்ளிகளில் செய்துபார்த்துக் கற்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் போய்ச் சேர்ந்து, வாரச்சந்தையில் கிடைக்கிற சில்லறைச் சாமான்களில் அறிவியல் பொம்மை செய்யத் தொடங்கியவர். பிறகு புனேயில் பிள்ளைகளுக்கான அறிவியல் மையத்தில் வெகுகாலம் இருந்தார். 2018-ல் பத்மஸ்ரீ. அவருடைய தளத்தில் புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. எல்லாம் இலவசம், குறுக்கே யார் பேரும் கிடையாது.

அதில் ஒன்று தீக்குச்சி மாதிரிகள். சைக்கிள் வால்வில் போடுகிற மெல்லிய ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன் இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் சொருகினால் மூட்டு ஆகிவிடும். முக்கோணம், சதுரம், பிரமிடு, கனசதுரம் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். அன்று சாயந்திரமே பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, வால்டியூப் இருக்கா?"

"எத்தன சைக்கிளுக்கு?"

"சைக்கிளுக்கு இல்ல. தீக்குச்சி சொருகதுக்கு."

அண்ணாச்சி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தான சார்வாள்?" என்றார்.

விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்பம் யாரு சார் வால்டியூப் கேக்கா? பூராப் பேரும் பைக்குக்குப் போயாச்சு" என்று முனகிக்கொண்டே உள்ளே போய், ஒரு தகர டப்பாவிலிருந்து சுருட்டி வைத்த குழாயை எடுத்துவந்தார். முழத்துக்கு அளந்தார். காசைச் சொன்னார். நான் கிளம்பும்போது, "சார், அந்தக் குச்சி சொருகுன பொம்மைய ஒருநா கொண்டாந்து காட்டுங்க" என்றார். காட்டுகிறவரைக்கும் அவருக்கு என் மேல் சந்தேகம் தீராது என்பது முகத்தில் தெரிந்தது.

குழாய் கிடைத்துவிட்டது, குச்சி? "வீட்டிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் சாயந்திரம் ஒரு தாயார் வந்துவிட்டார். "சார், வெளக்கேத்தப் பெட்டிய எடுத்தா உள்ள ஒரு குச்சி இல்ல. பள்ளிக்கூடத்துல என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கிய?" அவர் போன பிறகு ஒரு பிள்ளை வந்து, "சார், எங்க ஆச்சி பெட்டி ஒட்டுனவ. எங்க சித்தி இப்பமும் தீப்பெட்டி ஆபீஸ்லதான் வேல பாக்கா. மருந்து முக்காத குச்சி அங்கன கெடக்கும், வாங்கியாரச் சொல்லட்டா?" என்றாள். கழுகுமலை தாண்டினால் கோவில்பட்டி. நாட்டுக்கே தீப்பெட்டி கொடுக்கிற சீமை. நான் புனே வரைக்கும் போய்க் கண்டுபிடித்த பாட உபகரணம், மஞ்சள் துணிப்பை நிறைய, திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தது.

மூன்று குச்சியைக் கோத்து முக்கோணம் செய்தோம். அமுக்கினால் அசையவில்லை. நான்கைக் கோத்துச் சதுரம் செய்தோம். மேசையில் வைத்த உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. நிமிர்த்தினோம், மறுபக்கம் படுத்தது. "சார், இது குடிச்சிருக்கு" என்றான் ஒருவன். ஏன் என்று யோசிக்கச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும் பேசாமல் ஒரு நீளக் குச்சியை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே வைத்துச் சொருகினான். சதுரம் நிமிர்ந்து நின்றது. "எப்படிலே தெரியும்?" என்றேன். "எங்கப்பா பந்தல் போடும்போது இப்படித்தான் சார் குறுக்கக் கம்பு கட்டுவாரு. இல்லேன்னா ஆடிக் காத்துல பந்தல் பொண்ணு மாப்ள தலையில வந்துரும்." அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். கரண்டு டவர் முழுக்க முக்கோணம். பழைய காற்றாலைக் கம்பிக்கால் முழுக்க முக்கோணம். தேர்த்தட்டு, ஓட்டு வீட்டுக் கைமரம், சைக்கிளின் நடுக்கம்பி. சைக்கிளைச் சொன்னபோதுதான், அண்ணாச்சியிடம் பொம்மை காட்ட வேண்டியது எனக்கு ஞாபகம் வந்தது. சாயந்திரம் கொண்டுபோய்க் காட்டினேன். சதுரத்தை வாங்கி நாலு தடவை சாய்த்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "கோட்டம் எடுக்கணும் சார்" என்றார்.

செலவு சொற்பம்தான். நானே போட்டுக்கொண்டிருக்கலாம். ஹெச்.எம். நேர்மையானவர், கேட்கவில்லை. "பில் வாங்கிட்டு வாங்க, கன்டின்ஜென்சியில எழுதிருவோம்" என்றார். அண்ணாச்சியிடம் இருந்த பில் புத்தகத்தில் 'பஞ்சர்', 'ஓவர்ஹால்' என்று இரண்டே தலைப்பு. இரண்டும் வேண்டாம், வெறுமனே வால்டியூப் என்று எழுதுங்கள் என்று கெஞ்சி வாங்கி வந்தேன். பில் வந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறினால் என்ன பொருள், எத்தனை, என்ன நிலை என்று மூன்று கட்டம் நிரப்ப வேண்டும். ஹெச்.எம். நெடுநேரம் யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'முக்கோணம் – 1, நல்ல நிலை. சதுரம் – 1, நிற்காது.'

ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'பயன்படாத பொருளை இருப்பில் வைத்திருத்தல் கூடாது. உரிய படிவத்தில் கருத்துரு அனுப்பிக் கழிவு செய்க.'

உரிய படிவம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்காலிக்கு இருந்தது, மேசைக்கு இருந்தது, ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிக்குக்கூட இருந்தது. தமிழ் டீச்சர் பாமினியில் கிடந்த பழைய கோப்பு ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்தார், சதுரத்துக்கு இல்லை. கடைசியில் ஹெச்.எம். சொன்னபடி, ஒன்றியக் குழுவில் எழுதினேன்: "பள்ளி இருப்பிலுள்ள சதுரத்தைக் கழிவு செய்வதற்கான படிவம் இருந்தால் அனுப்பவும்."

போட்ட கை எடுக்குமுன் 'எனக்கும்' என்று வந்தது. அப்புறம் 'எனக்கும் சார்'. அப்புறம் இன்னொரு 'எனக்கும்', ஒரு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ. எங்கள் ஒன்றியத்தில் நிற்காத சதுரம் இத்தனை பேரிடம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.